கைரோபிராக்டிக் நரம்பியல் மேற்பயிற்சி

கைரோபிராக்டிக் நரம்பியல் என்பது, முதுகெலும்பைக் கையால் அழுத்தியும் திருப்பியும் சிகிச்சை தரும் கைரோபிராக்டர்கள் தங்கள் பட்டப்படிப்புக்குப் பின் மேற்கொள்ளும் சிறப்புப் பயிற்சியாகும். இது அமெரிக்காவில் தோன்றியது. இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனிச் சட்டமோ பதிவு மன்றமோ இல்லை. இங்கு அதற்கு மிக அருகில் இருப்பது, பிசியோதெரபி என வழங்கும் இயன்முறை மருத்துவத்தில் நரம்பியலைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.டி. பட்டமே.

தோற்றம்

1895இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் டி. டி. பால்மர் என்பவர், காது கேளாத ஹார்வி லில்லார்டு என்ற தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்திச் சரிசெய்ததாகவும், அவருக்குக் கேட்கும் திறன் திரும்பியதாகவும் கூறினார். கைரோபிராக்டிக் முறையின் தொடக்கமாக இந்நிகழ்ச்சியே சொல்லப்படுகிறது. ஆனால் செவி நரம்பு உட்செவியிலிருந்து நேராக மூளைத்தண்டுக்குச் செல்கிறது. முதுகெலும்பின் வழியாக அது போவதே இல்லை. உயிரியல் பாடத்தில் மூளை நரம்புகளைப் படித்த மாணவர் எவரும் இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பார்.

நரம்பியல் மேற்பயிற்சியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் ஃபிரடெரிக் கேரிக். அவர் பெயரிலான பயிற்சி நிறுவனம் 1979இல் தொடங்கப்பட்டது. பட்டம் பெற்ற கைரோபிராக்டர் ஏறத்தாழ 300 மணி நேரம் பயின்று, அமெரிக்க கைரோபிராக்டிக் நரம்பியல் வாரியத்தின் தேர்வில் தேறினால் சான்றிதழ் பெறலாம். இந்தியாவில் நரம்பியல் மருத்துவர் ஆவதற்கு எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, எம்.டி. மூன்று ஆண்டு, டி.எம். மூன்று ஆண்டு எனப் பதினொன்றரை ஆண்டுகள் ஆகின்றன. இரண்டிலும் 'நரம்பியல்' என்ற சொல் வருவதால் இரண்டும் ஒன்றெனக் கொள்ளக்கூடாது. கழுத்தைத் திருப்பியபின் கண்ணின் குருட்டுப் புள்ளியின் அளவு மாறுவதாகவும், அது மூளைச் செயல்பாட்டின் மாற்றத்தைக் காட்டுவதாகவும் கேரிக் 1997இல் எழுதினார். அந்த அளவீட்டுக்கு அப்படிப் பொருள் கொள்ள இயலாது என நரம்பியல் அறிஞர் பலர் மறுத்துள்ளனர்.

மரத்துப்போகும் கை

பயிற்சியின் உண்மையான பயன் வேறொன்று: தொட வேண்டாத நோயாளியை அடையாளம் காண்பது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் திருப்பெரும்புதூரை அடுத்துள்ள சுங்குவார்சத்திரம் போன்ற ஊரில் இதன் தேவை எளிதில் விளங்கும். சுற்றிலும் வாகன, மின்னணுத் தொழிற்சாலைகள். ஒரே அசைவை நாள் முழுதும் செய்யும் ஒரு தொழிலாளி, கை மரத்துப்போவதாகச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மரத்து, சுண்டுவிரல் தப்பி, இரவில் தொல்லை மிகுந்தால், மணிக்கட்டில் நரம்பு நெரிபடுவதாக ஐயுறலாம். கழுத்தில் தொடங்கும் வலி முன்கையின் வெளிப்புறமாக இறங்கிக் கட்டைவிரலை எட்டி, முழங்கை மடிப்பில் சுத்தியலால் தட்டும்போது அனிச்சை அசைவு குறைந்திருந்தால், ஆறாம் கழுத்து நரம்பின் வேர் அழுந்தியிருக்கலாம். இரண்டு கைகளிலும் திருகாணி நழுவுகிறது, சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, நடை தள்ளாடுகிறது, முழங்காலில் தட்டினால் கால் வழக்கத்தைவிட வேகமாக உதைக்கிறது என்றால், அழுந்துவது தண்டுவடமாகவே இருக்கலாம். மூவருக்கும் புகார் ஒன்றே, கை மரத்துப்போகிறது. ஆனால் மூன்றாமவரின் கழுத்தைத் திருகுவது நிலைமையை மோசமாக்கி, கைகால்களைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அவருக்கு வேண்டியது எம்.ஆர்.ஐ. படமும் நரம்பியல் மருத்துவரும்.

இடுப்பு வலியோடு சிறுநீர் கழிக்க இயலாமை, மறைவிடப் பகுதியில் உணர்வின்மை, இரு கால்களிலும் தளர்ச்சி ஆகியவை சேர்ந்தால் அது நெருக்கடி நிலை. சுளுக்கு எடுப்பவரிடம் போய் ஒரு நாளைக் கழிப்பதும் ஆபத்தே.

கழுத்துத் தமனி

மூளையின் பின்பகுதிக்கு இரத்தம் கொண்டுசெல்லும் முள்ளெலும்புத் தமனிகள், மேலுள்ள ஆறு கழுத்தெலும்புகளின் பக்கத் துளைகள் வழியே ஏறுகின்றன. கழுத்தைச் சட்டென்று திருகும்போது தமனியின் உட்சுவர் கிழிந்து, இரத்தம் உறைந்து, பக்கவாதம் ஏற்படலாம். இது அரிது. ஏற்கெனவே தமனி கிழிந்தவரே கழுத்து வலி என்று சிகிச்சைக்கு வந்திருக்கலாம் என்ற வாதமும் உண்டு. எப்படியானாலும், தலைசுற்றல், இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல் ஆகியவற்றைக் கேட்டறியாமல் கழுத்தில் கை வைக்கலாகாது. சலூனில் முடிவெட்டியபின் 'சொடுக்கு' எடுத்துக்கொள்ளும் நம்மூர்ப் பழக்கத்துக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டில் படிப்பு

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் நடக்கும் எம்.பி.டி. இரண்டாண்டுப் படிப்பு, இயன்முறை மருத்துவ இளநிலைப் பட்டமான பி.பி.டி. முடித்தவரே சேரலாம். பக்கவாதம், பார்கின்சன் நோய், தண்டுவடக் காயம், தலைக்காயம் ஆகியவற்றில் நோயாளியை மீண்டும் உட்கார, நிற்க, நடக்கப் பழக்குவதே இதன் மையம். சுங்குவார்சத்திரத்திலிருந்து சென்னை செல்லும் வழியிலுள்ள தண்டலத்திலும், போரூர், காட்டாங்கொளத்தூர் ஆகிய இடங்களிலும் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களிலும் இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன.

2021ஆம் ஆண்டின் தேசிய துணை மற்றும் நலவாழ்வுத் தொழில்முறையாளர் ஆணையச் சட்டம், இயன்முறை மருத்துவருக்குப் பதிவேட்டையும் கல்வித் தரத்தையும் வகுத்தது. எனவே சிகிச்சைக்குச் செல்பவர் பட்டத்தையும் பதிவையும் கேட்டறியலாம். தொழிலாளர் அரசு காப்பீட்டில் உள்ளவர் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் தொடங்கலாம். படுக்கையில் இருப்போருக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார்.