பிளாஸ்டிக்கிலிருந்து டீசல்: பணம் போடுமுன் ஒரு கணக்கு

குப்பை பிளாஸ்டிக்கை எண்ணெயாக மாற்றுவதாகச் சொல்லும் நிறுவனங்களை நம்பி முதலீடு செய்யலாமா என்பதே இன்றைய கருத்தரங்கில் நமக்குத் தரப்பட்ட தலைப்பு.

கெப்பாலா பத்தாஸ் வட்டார மக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2018 ஜனவரியில் சீனா வெளிநாட்டு பிளாஸ்டிக் கழிவுகளுக்குத் தடை விதித்ததும், அவை நம் நாட்டுத் துறைமுகங்களை நோக்கித் திரும்பின. மூடா ஆற்றுக்கு அப்பால் சுங்கைப் பட்டாணியில், அனுமதியின்றி பிளாஸ்டிக் எரிக்கப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. 3,737 டன் கழிவு 150 கொள்கலன்களில் 13 நாடுகளுக்குத் திருப்பி அனுப்பப்பட்டதாக 2020 ஜனவரியில் அரசாங்கம் அறிவித்தது. இவ்வளவு குப்பையைக் கண்ட மக்களிடம் ஒருவர் வந்து, "இதைக் காசாக்கித் தருகிறேன்" என்றால் ஆசை வரத்தான் செய்யும்.

முதலில் அறிவியலைப் பார்ப்போம். பிளாஸ்டிக் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிறந்த பொருள். காற்றுப் புகாத கலத்தில் வைத்து ஏறத்தாழ 400, 500 டிகிரி வரை சூடேற்றினால், அதன் நீண்ட மூலக்கூறுகள் அறுபட்டு ஆவியாகும். அந்த ஆவியைக் குளிர வைத்தால் எண்ணெய். மிஞ்சுவது கொஞ்சம் வாயு, கொஞ்சம் கரி. இதில் மாயமும் இல்லை, மோசடியும் இல்லை. இந்தியாவின் டேராடூனில் உள்ள பெட்ரோலிய ஆய்வுக் கழகம் 2019இல் இப்படியொரு சோதனை ஆலையைத் திறந்தது. நாளொன்றுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து சுமார் 800 லிட்டர் டீசல் என்பது அதன் கணக்கு.

இந்த 800 என்ற எண்ணை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசலின் எடை ஏறக்குறைய 830 கிராம். ஆகவே ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் துளியும் வீணாகாமல் போனாலும் 1.2 லிட்டருக்கு மேல் வராது. கிலோவுக்கு இரண்டு லிட்டர் என்று யாராவது சொன்னால், மேலே கேட்காமல் எழுந்து வந்துவிடலாம்.

எண்ணெய் வருகிறது, சரி, லாபம் வருமா? அங்கேதான் சிக்கல். பிளாஸ்டிக் எல்லாம் ஒரே இனம் அல்ல. பையும் வாளியும் நல்ல எண்ணெய் தரும். தண்ணீர்க் குழாய் செய்யும் பி.வி.சி. கலந்தால் அமில வாயு கிளம்பி இயந்திரத்தையே அரிக்கும். குடிநீர் போத்தலின் பிளாஸ்டிக்கும் இதற்கு ஏற்றதல்ல. எனவே குப்பையைப் பிரிக்க வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும். இத்தனைக்கும் கூலி உண்டு. பேச்சுக்கு, லிட்டர் 3 வெள்ளி என்று வைத்தாலும் ஒரு டன்னுக்குக் கிடைப்பது 2,400 வெள்ளி. அதற்குள் லாரி வாடகை, சம்பளம், பராமரிப்பு, கரியை அகற்றும் செலவு, வங்கி வட்டி எல்லாம் அடங்க வேண்டும். எண்ணெய் விலையோ நம் கையில் இல்லை. 2014 நடுவில் பீப்பாய் 110 டாலரைத் தாண்டியிருந்த விலை, 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது.

அமெரிக்காவின் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ஜே.பி.ஐ. என்ற நிறுவனம் இதே தொழிலைத் தொடங்கியது. இயந்திரம் ஓடியது, எண்ணெயும் வந்தது. ஆனால் அந்நாட்டுப் பங்குச்சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2012 ஜனவரியில் அதன்மீது வழக்குத் தொடுத்தது. விளம்பர உரிமைகள் சிலவற்றின் மதிப்பை 2009ஆம் ஆண்டுக் கணக்கில் பல மடங்கு உயர்த்திக் காட்டி, முதலீட்டாளர்களிடம் 84 லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது என்பது குற்றச்சாட்டு. பின்னர் ஆலையும் ஓய்ந்தது. அதாவது எண்ணெயைப் பார்த்தவர்கள் ஏட்டைப் பார்க்கவில்லை.

தமிழர்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. இராஜபாளையம் பக்கத்து இராமர் பிள்ளை, மூலிகையால் தண்ணீரை எரிபொருளாக்குவதாக 1996இல் சொன்னபோது தமிழகமே வியந்தது. விஞ்ஞானிகள் முன்னிலையில் அவரால் அதை நிரூபிக்க முடியவில்லை. பிறகும் அந்த எரிபொருள் விற்பனைக்கு வந்தது, மக்களும் வாங்கினார்கள். அது பெட்ரோலியப் பொருட்களின் கலவையே என்று சி.பி.ஐ. வழக்குத் தொடர்ந்தது. 2016இல் சென்னை நீதிமன்றம் அவருக்கு மூன்றாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. ஏமாந்தவர்கள் எல்லாரும் படிக்காதவர்கள் அல்லர். நம்மவன் ஒருவன் உலகை வெல்ல வேண்டும் என்ற ஆசை அவர்களைக் கேள்வி கேட்க விடவில்லை.

ஆகவே கேட்க வேண்டியதைக் கேளுங்கள். ஆலை எத்தனை நாள் நிற்காமல் ஓடியது? உள்ளே போன எடை, வெளியே வந்த எடை என்ன? நிறுவனத்தோடு தொடர்பில்லாத ஆய்வுக்கூடம் எண்ணெயைச் சோதித்ததா? வாங்குவதாக எழுத்தில் ஒப்புக்கொண்டவர் யார்? சுற்றுச்சூழல் துறையின் அனுமதி எங்கே? எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றிதழைக் காட்டினால் அது போதாது. அது நிறுவனம் இருப்பதற்குத்தான் சான்று; பொதுமக்களிடம் முதலீடு திரட்டுவதற்கு உரிமம் ஆகாது. செக்யூரிட்டிஸ் கமிஷன் எனும் பங்குப் பத்திர ஆணையம் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் வெளியிடுகிறது. அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

உண்மையான தொழில்நுட்பம் வைத்திருப்பவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். தாள்களை எடுத்து மேசையில் வைப்பார். கோபப்படுகிறவரிடம் உங்கள் சேமநிதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். முப்பது ஆண்டு உழைப்பில் சேர்ந்த பணம் அது.