மாத்திரை போட்டேனா... போடலையா?

‘‘டாக்டர், காலையில பிரஷர் மாத்திரை போட்டேனா, இல்லையான்னு ஞாபகமே வரலை. எதுக்கும் இருக்கட்டும்னு இன்னொண்ணு போட்டுக்கிட்டேன்!’’

என் கிளினிக்கில் அடிக்கடி காதில் விழுகிற வார்த்தைகள் இவை. இதைச் சொல்லிவிட்டு அடுத்ததாக எல்லோரும் கேட்பதும் ஒன்றுதான்: ‘‘ஞாபகசக்திக்கு வல்லாரையில ஏதாவது கொடுங்களேன்.’’

‘‘வல்லாரையை அப்புறம் பார்த்துக்கலாம். வீட்டுல ஒரு பேப்பரும் பென்சிலும் இருக்கா?’’ என்று நான் கேட்டால், ‘இவர் சித்த மருத்துவர்தானா?’ என்பதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தினமும் செய்கிற காரியங்களில் வரும் மறதிக்குப் பேப்பரும் பென்சிலும்தான் முதல் மருந்து.

இது மூளைக் கோளாறு அல்ல!

கல்யாண நாளன்று கட்டியிருந்த புடவையின் நிறம் முப்பது வருஷம் கழித்தும் நினைவிருக்கிறது. ஆனால், அரை மணி முன்பு கேஸை மூடினோமா என்பது நினைவில்லை. ஏன்?

கல்யாணம் ஒரு தடவை நடந்தது. கேஸை ஆயிரக்கணக்கான தடவை மூடியிருக்கிறீர்கள். நேற்று மூடியதும் இன்று மூடியதும் மனசுக்கு ஒரே மாதிரிதான் தெரியும். கை பழக்கத்தில் வேலையை முடித்துவிடும். மனம் அதைப் பதிவு செய்துகொள்ளாது. இதற்கு நடுவே போன் அடித்தாலோ, பால்காரர் கூப்பிட்டாலோ கேட்கவே வேண்டாம்!

பழகிய தெருவிலேயே வழி தெரியாமல் நிற்பது, கேட்ட கேள்வியையே ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்பது, பணக் கணக்குப் பார்ப்பதில் திடீரெனத் தடுமாறுவது... இவை வேறு விஷயம். இப்படி இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். மற்றபடி, அன்றாட மறதிக்காக யாரும் தங்களைத் திட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

நானே விட்ட ஒரு கேள்வி

இதை உங்களுக்கு உபதேசமாகச் சொல்லவில்லை. நான் பட்ட பிறகு கற்றுக்கொண்டது.

சித்த மருத்துவத்தில் ‘எண்வகைத் தேர்வு’ என்று உண்டு. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எட்டையும் பார்த்த பிறகே நோயைக் கணிக்க வேண்டும். கல்லூரியில் இதை எங்களுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி ஏற்றியிருந்தார்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை. வெளியே பெஞ்சு நிறையக் கூட்டம். ரிட்டயர்டு ஆசிரியர் ஒருவர் வந்தார். சர்க்கரை இருந்தது. எட்டையும் பார்த்தேன், கேஸ் ஷீட்டில் எழுதினேன், சிறுகுறிஞ்சான் சேர்ந்த சூரணம் கொடுத்தனுப்பினேன். சிறுகுறிஞ்சான் சர்க்கரையைக் குறைக்கக்கூடியது.

நான்கு நாள் கழித்து, காலை பதினோரு மணிக்கு அவர் மனைவியிடமிருந்து போன். ‘‘டாக்டர், அவருக்கு வேர்த்துக் கொட்டுது. கை நடுங்குது. ஏதேதோ பேசுறாரு!’’

எனக்குப் புரிந்துவிட்டது. ‘‘முழிச்சுத்தானே இருக்கார்? விழுங்க முடியுதா? அப்ப மூணு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணியில கரைச்சு உடனே குடிக்கக் கொடுங்கம்மா. அப்படியே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க’’ என்றேன். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். (நினைவு தப்பியவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். நேராக ஆஸ்பத்திரிதான்.)

நடந்தது என்ன? அவர் ஏற்கெனவே சர்க்கரையைக் குறைக்கும் ஆங்கில மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதோடு என் சூரணமும் சேர்ந்தது. அன்று அமாவாசை, தர்ப்பணம் முடியும்வரை சாப்பிடவில்லை. மூன்றும் சேர்ந்து சர்க்கரையை இறக்கிவிட்டன.

‘‘மாத்திரை சாப்பிடறதைச் சொல்லலையே சார்...’’ என்றேன், பிறகு பார்த்தபோது.

‘‘நீங்க கேக்கலையே டாக்டர்!’’

கேட்டதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கேஸ் ஷீட்டை எடுத்துப் பார்த்தேன். எட்டும் என் கையெழுத்தில் இருந்தன. மாத்திரை பற்றி ஒரு வரிகூட இல்லை! பட்டியலில் இருந்த எட்டையும் கூட்ட நெரிசலிலும் நான் விடவில்லை. பட்டியலில் இல்லாத ஒன்றை விட்டுவிட்டேன்.

அன்றே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்யச் சொன்னேன். ‘வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?’ என்ற அந்த வரிக்குப் பதில் எழுதாமல் இன்றுவரை நான் மருந்து எழுதுவதில்லை.

விமானத்தில் பிறந்த வழக்கம்

1935, அக்டோபர் 30. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்து டேட்டன் நகரம். அன்றைக்கு மிக நவீனமான போயிங் மாடல் 299 விமானத்தை ராணுவ அதிகாரிகள் முன்னிலையில் ஓட்டிக் காட்டினார்கள். ஓட்டியவர் கைதேர்ந்த ராணுவ விமானி. கிளம்பிய சிறிது நேரத்திலேயே விமானம் விழுந்து எரிந்தது. அவரோடு இன்னொருவரும் இறந்துபோனார். எந்திரத்தில் பழுதில்லை. தரையில் நிற்கும்போது காற்றுக்கு ஆடாமலிருக்க வால்பகுதியில் போடும் பூட்டை எடுக்க மறந்துவிட்டார்கள்.

அதற்காக யாரும் விமானிகளுக்கு ஞாபகசக்தி டானிக் கொடுக்கவில்லை! கிளம்புமுன், இறங்குமுன் என்று பட்டியல் போட்டுப் படிக்க வைத்தார்கள். அதே விமானம்தான் பிறகு பி-17 என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் பறந்தது.

2008-ல் உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷன் தியேட்டருக்கும் 19 அம்சங்கள் கொண்ட ஒரு பட்டியலைக் கொடுத்தது. ‘நோயாளி இவர்தானா? எந்தப் பக்கம் ஆபரேஷன்? எதற்காவது அலர்ஜி உண்டா?’ என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான். டெல்லி உட்பட எட்டு நகரங்களில் சோதித்ததில், ஆபரேஷனுக்குப் பிந்தைய இறப்பு 1.5 சதவிகிதத்திலிருந்து 0.8 சதவிகிதமாகக் குறைந்தது என்று 2009-ல் அறிவித்தார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 மருத்துவமனைகளில் இதே வழக்கத்தைக் கொண்டு வந்தும் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை என்று 2014-ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ‘கடமைக்கு டிக் போட்டால் பலன் எப்படி வரும்?’ என்று பலர் அப்போது கேட்டார்கள். நியாயமான கேள்வி. சுவரில் ஒட்டிவிட்டு மறந்துபோகும் பட்டியலும் அலமாரியில் வைத்துவிட்டுச் சாப்பிடாத மருந்தும் ஒன்றுதான்!

எப்படி எழுத வேண்டும்?

* ஐந்து முதல் ஏழு வரிகள் போதும். ‘யோகா பழக வேண்டும், கோபத்தைக் குறைக்க வேண்டும்’ போன்ற ஆசைகளை இதில் சேர்க்காதீர்கள். விட்டால் ஆபத்து அல்லது நஷ்டம் என்பவை மட்டும் இருக்கட்டும்.

* ‘கேஸ்’ என்று மொட்டையாக எழுதாமல், ‘ரெகுலேட்டரை மூடியாச்சா?’ என்று கேள்வியாக எழுதுங்கள்.

* வேலை நடக்கிற இடத்தில் வையுங்கள். மருந்துப் பட்டியல் மருந்து டப்பாவோடு. ஊருக்குக் கிளம்பும் பட்டியல் வாசல் கதவின் உள்பக்கம்.

* வேலை முடிந்த கையோடு டிக் போடுங்கள். முன்கூட்டியே போடுவதும், ராத்திரி மொத்தமாகப் போடுவதும் பட்டியலே இல்லாததைவிட மோசம்.

* மாதம் ஒருமுறை திருத்துங்கள். புதிதாக மறந்ததைச் சேருங்கள், தேவையில்லாததை அடியுங்கள்.

‘‘செல்போன்ல அலாரம் வெச்சிருக்கேனே?’’ என்பீர்கள். வையுங்கள், நல்லதுதான். ஆனால், அலாரம் ‘போடு’ என்று சொல்லும். ‘போட்டாயிற்று’ என்று சொல்லாது. அதற்கு டிக்தான் வேண்டும்.

மருந்துச் சீட்டில் இருக்க வேண்டியவை

மருந்தின் பெயர், அளவு, வேளை, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதற்காக என்ற ஐந்தையும் எழுதி, பக்கத்தில் தேதிக் கட்டங்கள் போடுங்கள். சூரணம், லேகியம், கஷாயம், கடையில் நீங்களே வாங்கும் வலி மாத்திரை எல்லாவற்றையும் சேருங்கள். ‘நாட்டு மருந்துதானே, ஒண்ணும் செய்யாது’ என்று விட்டுவிடாதீர்கள். ஒன்றும் செய்யாது என்றால் அது எப்படி மருந்தாகும்?

இடைவெளியையும் குறியுங்கள். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, காபிக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளிப் போட வேண்டும்.

டிக் இல்லை, ஞாபகமும் இல்லையா? சந்தேகத்துக்கு இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அட்டையில் எத்தனை மீதி என்று எண்ணிப் பாருங்கள். அப்போதும் தெரியாவிட்டால் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இந்தச் சீட்டைக் கையில் கொண்டு போங்கள்.

எழுதுகிறவர்களுக்கும்...

கதை, கடிதம், பிள்ளைகளின் பரீட்சை என எந்த எழுத்துக்கும் இது பொருந்தும். என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டு இருக்கிறது. ‘யாருக்காக எழுதுகிறேன்? சொல்ல வந்தது ஒரே விஷயம்தானா? அளவைப் புத்தகத்தோடு ஒப்பிட்டாயிற்றா? யாருக்கு ஆகாது என்று எழுதினேனா?’ என்ற நான்கே கேள்விகள். டீஸ்பூன் என்பது டேபிள்ஸ்பூன் ஆகிவிட்டால் மருந்து மூன்று மடங்காகிவிடுமே!

தினம் ஒரு பக்கம் எழுத நினைப்பவர்கள் மாதக் காலண்டரில் அந்தத் தேதி மேல் ஒரு டிக் போடுங்கள். விட்டுப்போன கட்டங்கள் கண்ணில் உறுத்தும். அந்த உறுத்தலே உங்களை மறுபடி உட்கார வைக்கும்.

இந்த இதழை மூடி வைப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் தினமும் மாத்திரை சாப்பிடும் பெரியவர் இருந்தால், ஒரு பேப்பரோடு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். ‘‘அப்பா, நீங்க என்னென்ன மருந்து சாப்பிடறீங்க?’’ என்று கேட்டு, அவர் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

கேட்டால்தான் சொல்வார்கள். நான் ஒருநாள் கேட்காமல் விட்டுத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.