உள்ளே வெளியே

தமிழ்நாட்டில் 'லைனிங் ஜாக்கெட்' தைக்க வேண்டும் என்றால் டெய்லர் ரவிக்கைக்கு அளவு எடுக்கத் தொடங்கிவிடுவார். டில்லிக்குக் குடிபெயரும் தமிழ்க் குடும்பங்களுக்கு முதல் டிசம்பரிலேயே அந்தச் சொல்லின் மறு அர்த்தம் உறைத்துவிடுகிறது. ரவிக்கை தைத்துத் தேர்ந்த கைகள், குளிர்கால ஜாக்கெட்டும் அதன் அண்ணன்தானே என்று துணிந்து இறங்குகின்றன.

அண்ணன் அல்ல, வேறு ஜாதி. ரவிக்கையில் லைனிங்கை மேல்துணியோடு சேர்த்து ஒரே துணியாகப் பாவித்துத் தைத்துவிடலாம். இங்கே லைனிங் தனி உடுப்பு. கார்டுராயில் ஒரு ஜாக்கெட், வழுக்கும் டஃபேட்டாவில் இன்னொன்று என்று இரண்டு தைத்து, ஓரங்களில் மட்டும் இணைக்க வேண்டும். உள்ளே இருப்பது சற்று தாராளமாகவும் இருக்க வேண்டும். கையை முன்னால் நீட்டும்போது முதுகு விரியும். லைனிங் முதுகின் நடுவே ஓர் அங்குல மடிப்பு விடாவிட்டால் துணி கிழியும்.

ஷங்கர் மார்க்கெட்டிலோ லாஜ்பத் நகரிலோ கார்டுராய் வாங்குபவர்கள் அதைத் தடவிப் பார்ப்பது நல்லது. ஒரு திசையில் வழவழப்பு, எதிர்த்திசையில் சொரசொரப்பு. எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டாவிட்டால் இடது கை ஒரு நிறம், வலது கை வேறு நிறம் என்று தோன்றும். அதனால் துணியும் கூடுதலாகத் தேவை. வெட்டும் முன் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். ஊசியும் மாறும்: கார்டுராய்க்கு 16, டஃபேட்டாவுக்கு 11.

வயிற்றைக் கலக்கும் கட்டம், துணியைக் கீறி வைக்கும் பாக்கெட். முன்பக்கத் துணியின் நடுவில் கத்தரிக்கோல் வைத்தபின் பின்வாங்க வழியில்லை. மூலைகளில் தையலுக்கு ஓரிழை முன்புவரை வெட்ட வேண்டும். தாண்டினால் மூலை பிரியும். தயங்கினால் பாக்கெட் சுருங்கும். கழிவுத் துணியில் நாலைந்து தைத்துப் பழகாமல் யாரும் இதைத் தொடக்கூடாது.

காசு மிச்சமாகும் என்று நினைப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். சரோஜினி நகரில் எக்ஸ்போர்ட் மிச்சச் சரக்கு அதைவிட மலிவாகக் கிடைக்கும். ஆனால் தோள் அகலமும் கை நீளமும் நம்முடையதாக இருக்காது.

கடைசிக் கட்டம் கிட்டத்தட்ட ஜாலம். லைனிங் கையின் அடித்தையலில் ஆறங்குலம் தைக்காமல் விட்டு, இரண்டு உடுப்புகளையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, கழுத்து, முன் ஓரம், அடிமடிப்பு என்று சுற்றிலும் தைத்து, முழு ஜாக்கெட்டையும் அந்த இடைவெளி வழியே வெளியே இழுக்கிறார்கள். பிறகு கை முனைகள். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கை ஒரு சுற்று முறுகியிருப்பதைக் கவனிக்காமல் தைத்தால், உள்ளே லைனிங் கயிறாகத் திரிந்துகிடக்கும். அடித்தையலோடு அடித்தையல் சேரக் குண்டூசி குத்தி, ஒருமுறை கையை நுழைத்துப் பார்த்துவிட்டுத் தைப்பதே உத்தமம்.

எஞ்சுவது அந்த ஆறங்குலம். கையால் மூடுவதா, மிஷினில் ஓட்டுவதா என்பதில் தைப்பவர்களிடையே இரண்டு கட்சி. கைக்குள்ளே யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்பது மிஷின் கட்சியின் வாதம்.