கம்ப்யூட்டர் கணக்கும் நம் கைமுதலும்

முன்பெல்லாம் நம் கடைக் கணக்கு நம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்திலேயே இருந்தது. குறிப்பேட்டில் எழுதி, பேரேட்டில் ஏற்றி, கணக்குப்பிள்ளை கூட்டிப் பார்த்தால் வேலை முடிந்தது. சரக்கு அனுப்பியவர் தம் ஏட்டில் என்ன எழுதினார் என்பது அவர் பாடு. இன்று அப்படியல்ல. அவர் கம்ப்யூட்டரில் ஏற்றுவதும் ஏற்றாமல் விடுவதும் நம் கைமுதலைத் தொடுகிறது.

கம்ப்யூட்டரால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. கோவையிலிருந்து கேரளத்துக்குச் சரக்கு அனுப்பியவர்களுக்கு வாளையாறு சோதனைச் சாவடியில் லாரிகள் வரிசை கட்டி நின்றது நினைவிருக்கும். 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் வரிச் சோதனைச் சாவடிகள் எடுக்கப்பட்டன. 2018 ஏப்ரல் முதல் வெளிமாநிலச் சரக்குக்கும், அவ்வாண்டு ஜூன் முதல் தமிழ்நாட்டுக்குள்ளும் ஈ-வே பில் நடைமுறைக்கு வந்தது. கடையில் இருந்தபடியே பில் எடுத்து லாரியை அனுப்புகிறோம். காத்துக் கிடந்த நேரமும் வாடகையும் மிச்சம்.

ஆனால் அதே கம்ப்யூட்டர் நம் கொள்முதலையும் விற்பவரின் விற்பனையையும் பில் வாரியாக ஒப்பிட்டுப் பார்க்கிறது. ஓர் உதாரணம் பார்ப்போம். 1 லட்சம் ரூபாய்ச் சரக்கை 18 சதவீத வரி 18,000 ரூபாயும் கொடுத்து வாங்குகிறோம். அதை 1,10,000 ரூபாய்க்கு விற்று 19,800 ரூபாய் வரி வசூலிக்கிறோம். முன் கட்டிய வரியைக் கழித்தால் அரசுக்குச் செலுத்த வேண்டியது 1,800 ரூபாய்தான். விற்றவர் அந்தப் பில்லைத் தம் கணக்கில் ஏற்றவில்லையானால் 19,800 ரூபாயையும் நாமே கட்ட வேண்டும். லாபம் 10,000, முடங்கிய முதல் 18,000! 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் பதிவு செய்து நம் கணக்கில் தெரிந்தால்தான் வரிக்கழிவு என்பது சட்டம். பில் நம் கையில் இருந்தால் மட்டும் போதாது.

இது நமக்கே நேர்ந்தது. சரக்கு வந்தது, பணமும் கொடுத்தோம். விற்றவர் கடைப் பையன் அதே பெயருள்ள வேறொரு கடையின் எண்ணில் பில்லை ஏற்றிவிட்டான். கெட்ட எண்ணம் எதுவுமில்லை. ஆயினும் அது திருத்தப்பட்டு நம் கணக்குக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை கடன் வாங்கிச் சமாளித்தோம்.

ஆகவே தேதிகளை மனதில் கொள்ள வேண்டும். மாதந்தோறும் கணக்குத் தருபவர் தம் விற்பனையை அடுத்த மாதம் 11-ந் தேதிக்குள் ஏற்ற வேண்டும். 14-ந் தேதி நமக்குரிய கழிவுப் பட்டியல், அதாவது ஜி.எஸ்.டி.ஆர்.2பி, தயாராகும். 20-ந் தேதிக்குள் நாம் வரி கட்ட வேண்டும். இடையிலுள்ள அந்த ஆறு நாளில் பட்டியலையும் கொள்முதல் பில்களையும் ஒத்துப் பார்த்து, விடுபட்டதற்கு உடனே போன் செய்ய வேண்டும். 5 கோடி வரை விற்றுமுதல் உள்ள சிறு வியாபாரிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குத் தரலாம். அவர்களும் முதல் இரண்டு மாதப் பில்களை 13-ந் தேதிக்குள் ஏற்ற வழியுண்டு. சிறு பட்டறைகளிடம் வாங்குவோர் இதை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது நலம்.

நம் பக்கமும் கடமை உண்டு. விற்றவருக்கு 180 நாளுக்குள் பணம் தராவிட்டால், எடுத்த கழிவை வட்டியுடன் திருப்ப நேரிடும். நம்மிடம் வாங்கும் சில்லறைக் கடைக்காரரின் பில்லை நாம் ஏற்ற மறந்தால் அவர் முதல் முடங்கும்.

எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்றார்கள் பெரியோர். கூட்டிக் கழிப்பதைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். ஒத்துப் பார்ப்பதை ஆடிட்டர் அலுவலகத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவிடாமல், மாதம் ஒரு மணி நேரம் முதலாளியே உட்கார்ந்து பார்க்க வேண்டும். விலை குறைவாகக் கிடைக்கும் இடத்தைவிட, கணக்கை ஒழுங்காக ஏற்றுபவரிடம் வாங்குவதே இன்று மலிவு.