எதிர்க்காற்றில் ஏறும் படகு

வேலூரில் கடல் கிடையாது. பாலாற்றிலும் வருஷத்தில் பல மாதம் மணல்தான். ஆனாலும் வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் பாய்மரப் படகோட்டியாகி டோக்கியோ, பாரிஸ் என்று 2 ஒலிம்பிக் போட்டிகளுக்குப் போனார். 2023-இல் சீனாவில் நடந்த ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வாங்கினார். அவருடையது 'இல்கா 7' ரகப் படகு. நீளம் 4 மீட்டருக்குச் சற்று மேல், பாய் 7 சதுர மீட்டர், ஏறுவது ஒரே ஆள். மோட்டார் இல்லை, துடுப்பும் இல்லை.

பின்னாலிருந்து காற்று தள்ளினால் படகு போகும், சரி. அதே காற்று முகத்தில் அடித்தால்?

சர்பத் போடும்போது ஈரமான எலுமிச்சை விதை ஒன்றை எடுத்து, இரண்டு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். கட்டைவிரல் ஒரு பக்கம் அழுத்துகிறது, ஆள்காட்டி விரல் மறுபக்கம். விதையோ இரண்டு பக்கமும் போகாமல் முன்னால் சீறிப் பாய்கிறது! படகில் ஒரு விரல் பாய். வளைந்த பாய், வரும் காற்றைத் திருப்பிவிடுகிறது. அந்தக் காற்று பாயை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இன்னொரு விரல், படகின் அடியில் தண்ணீருக்குள் இறக்கிய பலகை. அது படகைப் பக்கவாட்டில் நழுவவிடாது. நடுவில் மாட்டிய படகு முன்னே போகிறது.

ஆனால் காற்றுக்கு நேர் எதிராகப் போக முடியாது. ஆம்பூர் தோல் ஷாப்புகளில் காயத் தொங்கும் தோல்மேல் காற்று ஓரமாக வந்தால் அது வெறுமனே படபடக்குமே, அதுபோலத்தான் பாயும் ஆகிவிடும். ஆகவே சுமார் 45 டிகிரி சாய்வாகப் போய், திரும்பி, மறுபடி சாய்வாகப் போக வேண்டும். ஏலகிரி பஸ் 14 கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பித்தானே மலை ஏறுகிறது! ஒவ்வொரு திருப்பத்திலும் பாய் மறுபக்கம் வீசும், தலையைக் குனிந்துகொள்ளுங்கள்.

சென்னையில் கற்றுக்கொள்பவர்களுக்கு இந்த வித்தை சீக்கிரமே தேவைப்படும். மதியம் நிலம் கடலைவிடச் சூடாகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே போக, கடற்காற்று கரைக்கு வருகிறது. கடலுக்குள் போக வேண்டுமென்றால் அதை எதிர்த்துத்தான் போக வேண்டும். நேத்ரா குமணன் 2009-இல் சென்னையில் ஒரு கோடை முகாமில்தான் பாய்மரப் படகோட்டத் தொடங்கினார். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் அவர்.

தொடக்கத்திலேயே படகைக் கவிழ்க்கவும் சொல்லித்தருவார்கள். உயிர்காப்புச் சட்டை இருப்பதால் நீங்கள் மிதப்பீர்கள். கவிழ்ந்த படகின் பலகை பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும். அதன்மேல் ஏறி, படகின் விளிம்பைப் பிடித்து, பின்னால் சாய வேண்டும். சீசாவின் நுனியில் உட்கார்ந்தால் சின்னப் பையனுக்கும் பலம் வருமே, அதே நெம்புகோல் கணக்கு. பாய் தண்ணீரைச் சொட்டியபடி மெதுவாக எழும்பும். எழும்பியதும் படபடவென்று அடித்துக்கொண்டால், படகு காற்றை நேருக்கு நேர் பார்க்கிறது என்று அர்த்தம். உள்ளே ஏறி, சுக்கானைத் திருப்பி, பாயின் கயிற்றை இழுங்கள்.