மீன் தொட்டியும் கீரைப் பாத்தியும்: முதல் போடும் முன் ஒரு கணக்கு



சென்ற சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது உறுப்பினர் ஒருவர் எங்களை ஓரமாக அழைத்தார். “மீனையும் கீரையையும் ஒரே தண்ணியில வளர்க்கலாமாம். நாலு லட்சம் போட்டா எல்லாம் அமைச்சுக் கொடுத்து, விளையறத அவங்களே வாங்கிக்கறதாச் சொல்றாங்க. நீங்க வீட்டுல வச்சிருக்கீங்களேண்ணே, போடலாமா?” என்று கேட்டார். நின்ற இடத்தில் பதில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. ஆகவே எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

அவலூர்பேட்டையில் எங்கள் மளிகைக் கடையின் பின்கொல்லையில் மூன்று ஆண்டுகளாக ஒரு தொட்டியும் பாத்தியும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதல் ஆண்டு நட்டம். இரண்டாம் ஆண்டு பாடம். மூன்றாம் ஆண்டில்தான் வீட்டுக்குக் கீரையும் மீனும் தட்டில்லாமல் வருகின்றன.

இது என்ன முறை?

இதற்கு அக்வாபோனிக்ஸ் என்று பெயர். மீன் தீனி தின்கிறது. அதன் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா தண்ணீரில் சேர்கிறது. அது மீனுக்கு நஞ்சு. ஜல்லியில் குடியேறும் ஒருவகை நுண்ணுயிர் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரேட்டாக மாற்றுகிறது. அது செடிக்கு உரம். செடி உறிஞ்சியபின் தெளிந்த நீர் மறுபடி மீனிடம் வருகிறது. உப்புக்கடை, அரவை ஆலை, சில்லறைக் கடை என்று சரக்கு கைமாறுவதுபோல்தான். நடுவில் ஒரு கை நின்றுவிட்டால் சரக்கு தேங்கிவிடும்.

அமெரிக்காவின் விர்ஜின் தீவுகள் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ரகோசி என்ற அறிஞர் 1980களில் இருந்து இதை ஆராய்ந்து வளர்த்தார். ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 2014இல் சிறு குடும்பங்களுக்கென ஒரு தொழில்நுட்பக் கையேடே வெளியிட்டது. கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டம் செராய் பகுதியில் பள்ளிப்புறம் கூட்டுறவு வங்கி முன்னின்று பல வீடுகளில் இதை அமைக்கச் செய்தது.

நம் பகுதி மானாவாரி பூமி. கிணறும் ஏரியும் ஏமாற்றினால் நெல்லும் மல்லாட்டையும் குறையும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டை குறையும். நம் கல்லாவும் இளைக்கும். செஞ்சிக் கோட்டையிலும் சக்கரகுளம், செட்டிகுளம் என்று நீரைத் தேக்கி வைத்திருந்தார்கள். அக்வாபோனிக்ஸில் தண்ணீர் வெளியே போவதில்லை. நாள்தோறும் ஆவியாகவும் செடி வழியாகவும் குறைவது நூற்றில் ஒன்று முதல் மூன்று பங்கு. ஆயிரம் லிட்டர் தொட்டிக்குப் பத்து முதல் முப்பது லிட்டர் ஊற்றினால் போதும். எங்களை இதில் இழுத்ததும் இந்தக் கணக்குதான்.

நாங்கள் அமைத்தது

ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி ஒன்று. அதன் பக்கத்தில் செங்கல் அடுக்கித் தார்ப்பாய் விரித்த, ஒரு அடி ஆழமுள்ள பாத்தி. பரப்பு மூன்று சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 32 சதுர அடி. பாத்தி நிறைய முக்கால் அங்குல ஜல்லி. தொட்டி நீர் முழுவதும் மணிக்கொரு தரம் சுற்றி வரும்படி 40 வாட் நீர்மூழ்கி மோட்டார் ஒன்று. மீனுக்குக் காற்றுக் குமிழி விட ஒரு சிறு பம்பு. வெயில் தாக்காமல் மேலே பச்சை வலை. இவ்வளவுதான்.

செய்த தவறுகள்

முதல் தவறு அவசரம். தொட்டி நிரப்பிய மூன்றாம் நாளே 150 குஞ்சுகளை விட்டோம். பதினோராம் நாள் காலை கடை திறக்கப் போகும்முன் எட்டிப் பார்த்தால் தண்ணீர் கலங்கி, பாதிக்கு மேல் மிதக்கின்றன. இரண்டு நாளில் மீதியும் போயின. பிள்ளைகள் அன்று சாப்பிடவே இல்லை. நுண்ணுயிர் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது. மறுமுறை மீன் இல்லாமலே தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு மோட்டாரை ஓட விட்டோம். அலங்கார மீன் கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துச் சோதனைப் பெட்டியால் வாரம் இருமுறை பார்த்தோம். அம்மோனியா ஏறி இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டும் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்குக் கீழே நின்ற பிறகே குஞ்சு விட்டோம். அதுவும் ஐம்பதுதான்.

இரண்டாவது தவறு ஜல்லி. மலிவாகக் கிடைத்ததைக் கொட்டினோம். அதில் சுண்ணாம்புக் கல் கலந்திருந்தது. போர் தண்ணீரும் கடினநீர். கார அமில அளவு எட்டுக்கு மேல் போய்விட்டது. கீரையின் இளந்தளிர் வெளுத்து மஞ்சளாயிற்று. இரும்புச் சத்து நீரில் இருந்தும் வேர் எடுக்க முடியாத நிலை அது. காரம் கூடினாலும் சூடு கூடினாலும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும் என்பதால் மீனுக்கும் ஆபத்து. ஜல்லி வாங்கும்போது நாலு கல்லை எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம். சுத்தமான கருங்கல் ஜல்லி நுரைக்காது. கழுவிய ஜல்லியை மாற்றினோம். மொட்டை மாடி மழைநீரைப் பிடித்துக் கலந்தோம். இப்போது அளவு ஏழை ஒட்டி நிற்கிறது. ஊராட்சிக் குழாய் நீரானால் குளோரின் போக இரண்டு நாள் திறந்து வைத்துப் பிறகு ஊற்ற வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம். ஒரு கோடை இரவு மூன்று மணி நேரம் மின்தடை. மீன் முழுவதும் மேலே வந்து வாயைப் பிளந்தன. விடிய விடிய குடத்தால் மொண்டு ஊற்றிக் காப்பாற்றினோம். மறுநாளே காற்றுப் பம்பை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்தோம். மோட்டார் சில மணி நேரம் நின்றால் தாங்கும். காற்று நிற்கக் கூடாது. தண்ணீரோடு மின்சாரம் சேரும் இடம் என்பதால் இ.எல்.சி.பி. கட்டாயம்.

நான்காவது, பூச்சி மருந்து. செடிக்கு அடிப்பது மீனிடம் போகும். எந்த மருந்தும் கூடாது. செம்புக் குழாயும் துத்தநாகம் பூசிய தகரமும்கூட நீரில் படக்கூடாது.

எந்த மீன்?

ஜிலேபி மீன் எதையும் தாங்கும். ஆனால் 1952இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பழைய ரகம் ஏரி குளங்களில் பெருகி மற்ற மீன்களை நெருக்கியது. ஆகவே புதிய கிஃப்ட் ரகக் குஞ்சுகளை, மீன்வளத் துறையின் அனுமதியைக் கேட்டறிந்து, அங்கீகாரம் பெற்ற பண்ணையில்தான் வாங்க வேண்டும். ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்ட மீன். யார் விற்றாலும் தொடாதீர்கள்.

சைவ வீடுகள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். தங்க மீனும் கோய் கெண்டையும் விடலாம். சென்னை கொளத்தூர் சந்தையில் எல்லா வகையும் கிடைக்கும். கீரைக்கு எந்த மீனின் கழிவும் ஒன்றுதான்.

வரவு செலவு

இனி உறுப்பினரின் கேள்விக்கு வருவோம். ஐ.நா. கையேட்டின்படி கீரைப் பாத்தி ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 40 முதல் 50 கிராம் தீனி. மூன்று சதுர மீட்டருக்கு அதிக அளவாக 150 கிராம். வளர்ந்த மீன் தன் எடையில் நூற்றில் ஒன்று முதல் இரண்டு பங்கு தின்னும். ஆக ஏறக்குறைய பத்துக் கிலோ மீனைத்தான் இந்தப் பாத்தி தாங்கும். தீனியைக் கூட்டினால் நஞ்சு; குறைத்தால் கீரை மெலியும். இதுதான் இந்தத் தொழிலின் ஐந்தொகை.

முழு அளவில் ஓடினால் மாதம் நாலரைக் கிலோ தீனி. ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீனிக்கு ஒரு கிலோ மீன் என்று வைத்தால், மாதம் சராசரி இரண்டேகால் முதல் மூன்று கிலோ மீன். 40 வாட் மோட்டார் இரவு பகல் ஓடினால் நாளொன்றுக்கு ஒரு யூனிட். இரு மாதக் கணக்கில் ஏறக்குறைய 58 யூனிட். கடை இணைப்பில் போட்டால் வணிகக் கட்டணம் என்பதை மறக்க வேண்டாம். எங்களுக்கு வாரம் ஏழெட்டுக் கட்டுக் கீரை வருகிறது. புதினாவும் பாலக்கும் நன்றாக வருகின்றன. தக்காளி, வெண்டைக்குத் தீனி இன்னும் அதிகம் வேண்டும். கிழங்கு வகை சரிப்படாது.

தீனி விலையையும் மீன் விலையையும் உங்கள் ஊர் நிலவரப்படி நீங்களே போட்டுப் பாருங்கள். வீட்டுச் செலவில் மிச்சம் நிச்சயம் தெரியும். ஆனால் நாலு லட்சத்துக்கு வட்டி கட்டும் இலாபம் இதில் தெரியாது. பெரிதாகச் செய்தால் கூலி, மின்சாரம், நோய், விற்பனை எல்லாம் சேரும். எங்கள் 150 குஞ்சு போன அதே காரணத்தால் அங்கே ஒரே இரவில் முதலே போய்விடும்.

விளைவதை நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்ற சொல்லை நாம் முன்பும் கேட்டிருக்கிறோம். ஈமு கோழி நிறுவனங்களும் அப்படித்தான் சொல்லின. 2012இல் அவை சரிந்தபோது ஆயிரக்கணக்கானோர் முதலை இழந்தார்கள். சரக்கை வாங்கப்போகிறவன் கடைசியில் யாருக்கு விற்பான் என்று கேட்காமல் எந்த வணிகனும் கொள்முதல் செய்ய மாட்டான். இங்கேயும் அதே கேள்வியைக் கேட்போம்.

சங்கம் என்ன செய்யலாம்?

செராயில் ஊர்க் கூட்டுறவு வங்கி முன்நின்றது. நம் சங்கமும் சிறிய அளவில் துணை நிற்கலாம். சோதனைப் பெட்டி ஒன்றைச் சங்க அலுவலகத்தில் பொதுவில் வைக்கலாம். பத்து வீடுகள் சேர்ந்தால் தீனியை மூட்டையாக வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். 2020இல் தொடங்கிய பிரதமர் மீன்வளத் திட்டத்தில் கொல்லைப்புற அலங்கார மீன் வளர்ப்புக்குப் பொதுப் பிரிவினருக்கு 40 விழுக்காடும், மகளிருக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60 விழுக்காடும் மானியம் வகுக்கப்பட்டது. இன்றைய நிலையை மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்தில் நேரில் கேட்டறிய வேண்டும்.

கேள்வி கேட்ட உறுப்பினருக்கு எங்கள் பதில் இது: நாலு லட்சம் வேண்டாம். ஒரு தொட்டி வாங்குங்கள், ஆறு வாரம் பொறுங்கள், ஐம்பது குஞ்சு விடுங்கள், ஓராண்டு பேரேடு எழுதுங்கள். பிறகு உங்கள் கையெழுத்தில் இருக்கும் கணக்கே மேற்கொண்டு போடலாமா வேண்டாமா என்று சொல்லிவிடும். பார்க்க விரும்புவோர் எந்த மாலையும் எங்கள் கொல்லைக்கு வரலாம். திரும்பும்போது ஒரு கட்டுப் புதினா உண்டு.