கைக்கடங்கிய களஞ்சியம்

செல்வத்தைச் சேர்ப்பது அரிது. சேர்த்ததைக் காப்பது அதனினும் அரிது. இவ்வுண்மை பொன்னுக்கும் நெல்லுக்கும் மட்டும் உரியதன்று. இன்று மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு புதுவகைச் செல்வம் சேர்ந்து கிடக்கிறது. வகுப்புக் குறிப்புகள், இறுதியாண்டுத் திட்ட அறிக்கை, ஊரில் பெற்றோருடன் எடுத்த படங்கள், மன்ற விழாவின் ஒலிப்பதிவுகள் ஆகிய யாவும் மடிக்கணினிக்குள் அடங்கியிருக்கின்றன. நாம் வாங்கும் மடிக்கணினிகளுள் பல 256 அல்லது 512 ஜி.பி. இடமே உடையவை. படிப்பு முடிவதற்குள் அவ்விடம் நிரம்பிவிடுகிறது. “வெளியே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கவேண்டும், எதை வாங்குவது?” என்ற கேள்வி அப்பொழுது எழுகிறது. லிங்கராஜபுரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் நம் நண்பர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. அதற்கு விடை காண்போம்.

இருவகைப் பெட்டிகள்

ஹார்ட் டிஸ்க்கைத் தமிழில் வன்தட்டு என்பர். 1956-இல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டுப் பொறியை வெளியிட்டது. அதில் இரண்டடி அகலமுள்ள தட்டுகள் ஐம்பது இருந்தன. எடையோ ஒரு டன்னுக்கு மேல்! அவ்வளவு பெரிய பொறி ஐம்பது இலட்சம் எழுத்துகளைத்தான் தாங்கியது. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்கே ஏறத்தாழ அவ்வளவு இடம் வேண்டும். அந்த யானைதான் காலப்போக்கில் நம் சட்டைப் பையில் அடங்கும் அளவுக்குச் சுருங்கியிருக்கிறது.

இன்றைய வெளிப்பெட்டிகள் இரு வகைப்படும். முதல் வகை ஹார்ட் டிஸ்க். இதனுள் காந்தப் பூச்சுள்ள தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 முறை போலச் சுழல்கின்றன. அவற்றின்மேல், மயிரிழையின் பருமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கே இடைவெளி விட்டு, படிக்கும் முனை மிதந்து செல்கிறது. இயங்கும்பொழுது கீழே விழுந்தால் முனை தட்டில் மோதும்; தட்டு கீறும்; உள்ளிருப்பது போகும். நெரிசலான பேருந்தில் நாள்தோறும் பையைச் சுமந்து செல்வோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

இரண்டாம் வகை எஸ்.எஸ்.டி. இதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லை. மின் சில்லுகளே உண்டு. விரைவு மிகுதி, அதிர்ச்சியைத் தாங்கும் வன்மையும் மிகுதி. ஆயின் ஒரே அளவு இடத்துக்கு விலை கூடுதல். மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் பெட்டியில் பூட்டி வைத்தால், சில்லுகளில் உள்ள பதிவு மங்கவும் கூடும்.

எனவே, நாள்தோறும் எடுத்துச் சென்று வேலை செய்யவும், அசைபடம் தொகுக்கவும் எஸ்.எஸ்.டி. ஏற்றது. அறையில் வைத்துப் படி எடுத்துச் சேமிக்க ஹார்ட் டிஸ்க்கே சிக்கனமானது. அதிலும் சிறிய பெட்டியையே மாணவர் நாடுக. கணினியின் கம்பி வழியாகவே அதற்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். மேசைமேல் வைக்கும் பெரிய பெட்டிக்குத் தனி மின்னிணைப்பு தேவை. திடீரென மின்சாரம் நின்றால் அதுவும் நின்றுவிடும்.

எவ்வளவு இடம்? என்ன வேகம்?

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. வாங்குமுன் நம்மிடம் உள்ளது எவ்வளவு என்று கணக்கிடுக. அதனைப்போல் இரு மடங்கு இடம் போதும். எழுத்தும் படமும் மட்டும் உடையவர்க்கு ஒரு டெராபைட் மிகுதியே. அசைபடம் எடுப்போர்க்கு இரண்டோ நான்கோ வேண்டியிருக்கும். ஒரு டெராபைட் பெட்டியை விண்டோஸ் கணினி 931 ஜி.பி. என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சினங்கொள்ள வேண்டா. செய்தவர் ஆயிரத்தால் பெருக்கிக் கணக்கிடுகிறார். கணினி 1,024-ஆல் வகுத்துக் கணக்கிடுகிறது. வேறுபாடு அவ்வளவே.

இனி வேகம். 200 ஜி.பி. அளவுள்ள கோப்புகளைப் படி எடுப்பதாகக் கொள்வோம். பழைய யூ.எஸ்.பி. 2.0 வழியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆகும். யூ.எஸ்.பி. 3.0 வழியில் நல்ல ஹார்ட் டிஸ்க் அரை மணியில் முடிக்கும். எஸ்.எஸ்.டி.க்குப் பத்து நிமிடம்கூட வேண்டியதில்லை. ஆனால் கணினியில் உள்ள துளை பழையதாயின் புதிய பெட்டியும் பழைய வேகத்திலேயே ஓடும். சி வகைச் செருகியைக் கண்டவுடன் விரைவு மிகுதி என்று மயங்கலாகாது. செருகியின் வடிவம் வேறு, உள்ளே ஓடும் வேகம் வேறு.

ஒருவர் விண்டோஸும் மற்றவர் மேக்கும் வைத்திருக்கும் அறையில், பெட்டியை எக்ஸ்ஃபேட் முறையில் அமைத்துக்கொண்டால் இரண்டிலும் எழுதலாம், படிக்கலாம். ஃபேட்32 என்னும் பழைய முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பு நுழையாது. முறையை மாற்றும்பொழுது உள்ளிருப்பவை அழியும். ஆதலின் வாங்கியவுடனேயே அதனைச் செய்துவிடுக.

கடைத்தெருவில்

பெங்களூரில் கணினிப் பொருள்களுக்குப் பேர் போனது எஸ்.பி. ரோடு. நகர மண்டபத்துக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் அருகில் உள்ளது. இரண்டு மூன்று கடைகளில் விலை கேட்டு, இணையத்தில் உள்ள விலையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. ஹார்ட் டிஸ்க்கின் உட்பொறியை இன்று உலகில் செய்வோர் சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூவரே. வேறு பெயர் ஒட்டிய பெட்டியின் உள்ளிருப்பதும் இம்மூவருள் ஒருவருடையதாகவே இருக்கும்.

பல டெராபைட் என்று எழுதி, நம்பமுடியாத மலிவு விலையில் விற்கும் பெட்டிகளைக் கண்டால் விலகி நிற்க. உள்ளே சிறியதொரு சில்லை வைத்துக் கணினிக்குப் பொய்க் கணக்குக் காட்டும் போலிகள் உண்டு. அவை நிரம்பிய பிறகும் எழுதுவது போலவே நடிக்கும். திறந்து பார்த்தால் ஒன்றும் இராது. வாங்கியது எதுவாயினும், முதல் வாரத்திலேயே முழுவதும் நிரப்பித் திரும்பப் படித்துச் சோதிக்கவேண்டும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்னும் இலவச நிரல் இதனைச் செய்யும். வரிசை எண் குறித்த ரசீதைத் தவறாது பெறுக.

உத்தரவாதம் பற்றியும் ஒரு சொல். பழுதானால் வேறு பெட்டி தருவார்கள். உள்ளே இருந்த உங்கள் மூன்றாண்டு உழைப்பை யாரும் தரமாட்டார்கள். மீட்டெடுக்கும் நிலையங்கள் உண்டு. ஆயினும் அவற்றின் கட்டணம் பெட்டியின் விலையைப்போல் பன்மடங்கு ஆகலாம், பலன் உறுதியுமன்று.

ஒன்று போதுமா?

இங்குதான் பெரும்பாலோர் தவறுகின்றனர். கணினியில் இடமில்லை என்று எல்லாவற்றையும் வெளிப்பெட்டிக்கு மாற்றிவிட்டுக் கணினியில் அழித்துவிடுகின்றனர். இருந்த ஒரு படி இடம் மாறியதே தவிர, இரண்டாகவில்லை. பெட்டி விழுந்தால், திருடு போனால், அனைத்தும் போயிற்று.

நம் முன்னோர் இதனை நன்கறிந்திருந்தனர். ஓலை செல்லரிக்கும், உதிரும் என்று தெரிந்தே தலைமுறைதோறும் புதிய ஓலையில் படி எடுத்தனர். அப்படிகள் பல ஊர்களில் இருந்ததனால்தான் உ. வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது. மறுபுறம், 1981-ஆம் ஆண்டு மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறிடத்தில் படி இருந்த நூல்களைத் திரும்பத் தேடிப் பெற முடிந்தது. படி இல்லாதவை போனவை போனவையே. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களை மின்வடிவில் படி எடுத்து வைப்பதன் பயன் இதனால் விளங்கும்.

ஆகவே நான்கு டெராபைட் பெட்டி ஒன்று வாங்கப் பணம் இருப்பின், இரண்டு டெராபைட் பெட்டிகள் இரண்டாக வாங்குக. ஒன்று லிங்கராஜபுரத்து அறையில் இருக்கட்டும். மற்றொன்று விடுமுறைதோறும் புதுப்பிக்கப்பெற்று ஊரில் வீட்டில் இருக்கட்டும். திட்ட அறிக்கை போன்ற சிறிய கோப்புகளை இணையச் சேமிப்பிலும் ஒரு படி வைக்கலாம். படி எடுத்தவுடன் பெட்டியைக் கழற்றிவிடுக. கணினியைத் தாக்கும் தீய நிரல் இணைந்திருக்கும் பெட்டியையும் விடாது.

நம் மன்றத்துக்கும் இஃது பொருந்தும். ஆண்டுதோறும் செயலாளர் மாறுகிறார். விழாப் படங்களும் மலரின் பக்கங்களும் ஒருவருடைய மடிக்கணினியில் மட்டும் இருப்பின், அவர் பட்டம் பெற்றுச் செல்லும்பொழுது மன்றத்தின் வரலாறும் உடன் சென்றுவிடும். மன்றத்தின் பெயரில் இரண்டு பெட்டிகள் வாங்கி, இருவர் கையில் தனித்தனியே வைத்து, பொறுப்பு மாறும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு அவற்றையும் ஒப்படைக்கும் வழக்கத்தை இவ்வாண்டே தொடங்குவோமாக.